மரத்தைத் தின்னும் காளான்... பூச்சிமருந்தையும் தின்னுமா? ஏலமலைச் சரிவில் ஒரு சத்தமில்லாத துப்புரவுப் பணி!

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களும் ஆண்களும் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மூச்சுவாங்க ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைகள். வானம் தெரியாமல் கிளை விரித்த நிழல் மரங்கள், அவற்றின் கீழே ஆளை மறைக்கும் உயரத்தில் ஏலச்செடி, கால் வைக்கும் இடமெல்லாம் ஈரச் சருகு.

அந்தச் சருகுக்கு நடுவே, எந்த மழையிலோ முறிந்து விழுந்த ஒரு மரக்கட்டை கிடக்கும். அதன் பக்கவாட்டில் விசிறி விசிறியாகக் காளான்கள் அடுக்குப் போட்டிருக்கும். கட்டையை விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். பிய்த்தால் வெளுத்துப்போய் நார் நாராகக் கையோடு வரும். ஒரு காலத்தில் கோடாலிக்கே சவால்விட்ட மரம். அதை இப்படிப் பஞ்சாக்கிவிட்டன அந்தக் காளான்கள்!

மரம் மக்குகிற கதை என்றால் இதோடு முடித்துவிடலாம். ஆனால், மரத்தை உடைக்க இந்தக் காளான்கள் பயன்படுத்துகிற அதே வேதியியல் வித்தை, மனிதன் தயாரித்த சில கொடிய நஞ்சுகளையும் உடைக்கிறது என்பதுதான் சேதி. அதில் பூச்சிமருந்துகளும் அடக்கம். ஏலக்காய்க்கும் பூச்சிமருந்துக்கும் உள்ள உறவை அறிந்தவர்களுக்கு, இது ஏன் போடி மலைக்கு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

கம்பியும் கான்கிரீட்டும்

மரம் ஏன் இவ்வளவு உறுதியாக இருக்கிறது? கட்டடம் எழுப்புகிற கொத்தனாரைக் கேட்டால் எளிதாகப் புரியவைப்பார். தூணுக்குள் கம்பி இருக்கிறது. அதைச் சுற்றிக் கான்கிரீட் இறுகியிருக்கிறது. மரத்தில் கம்பியின் வேலையைச் செய்வது செல்லுலோஸ். கான்கிரீட்டின் வேலையைச் செய்வது லிக்னின்.

செல்லுலோஸ் என்பது சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தது. அதைத் தின்ன நுண்ணுயிர்கள் நிறைய உண்டு. மாட்டின் வயிற்றுக்குள்ளேயே ஒரு படை இருக்கிறது. லிக்னின் அப்படியல்ல. மரத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கும் இந்தப் பொருளுக்கு ஒழுங்கான வடிவமே கிடையாது. வளைய வளையமான மூலக்கூறுகள் எந்த வரிசையும் இல்லாமல், பல திசைகளிலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். சிக்குப் பிடித்த நூல்கண்டுபோல.

உயிர்களின் செரிமானம் பெரும்பாலும் பூட்டும் சாவியும் போன்றது. ஒரு நொதிக்கு ஒரு பூட்டு. எல்லா இடத்திலும் ஒரே பூட்டு என்றால் ஒரு சாவி போதும். லிக்னினிலோ பூட்டுகள் விதவிதமானவை. எத்தனை சாவி செய்வது? அதனால்தான் அதை முழுதாக உடைக்கிற வேலையைப் பெரும்பாலான உயிர்கள் கைவிட்டுவிட்டன. அதில் கைதேர்ந்தவை ‘வெண்ணழுகல் காளான்கள்’ என்கிற ஒரு கூட்டம். பழுப்பு நிற லிக்னினை இவை தின்று தீர்த்துவிடுவதால், மிஞ்சுகிற மரம் வெளுத்துப்போகிறது. பெயர்க் காரணம் அவ்வளவுதான். இவற்றுக்குப் பங்காளிகளாகப் பழுப்பழுகல் காளான்களும் உண்டு. அவை லிக்னினைச் சற்றே மாற்றிவிட்டு, செல்லுலோஸை மட்டும் உருவித் தின்றுவிடும். மிச்சமிருக்கும் மரம் பழுப்பாக, வெடித்த களிமண்போலக் கட்டம் கட்டமாக உதிரும். பழைய வீட்டு உத்திரத்தில் இதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

வெண்ணழுகல் காளான்களின் பூர்விகம் சுவாரஸ்யமானது. 31 காளான்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த வித்தையைக் கற்ற முதல் மூதாதை சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. பூமியில் நிலக்கரி பெருமளவில் உருவான காலம் முடிவுக்கு வந்ததும் ஏறத்தாழ அப்போதுதான். மக்காமல் குவிந்த மரங்களே நிலக்கரியாயின, மக்கவைக்க ஆள் வந்ததும் அது குறைந்தது என்று பலரும் முடிச்சுப்போட்டார்கள். ‘அது காளானால் அல்ல, அன்றைய தட்பவெப்பத்தாலும் நில அமைப்பாலும்தான்’ என்று 2016-ல் வேறொரு குழு மறுத்தது. வழக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

பானை அடுக்கில் ஒன்றை உருவினால்...

சாவியே இல்லாமல் காளான் எப்படிப் பூட்டைத் திறக்கிறது? திறப்பதில்லை, கதவையே உடைக்கிறது!

1983-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரின் வனப்பொருள் ஆய்வகத்தில் மிங் டியென், கென்ட் கிர்க் என்ற இருவர், ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற நாக்கு சுளுக்குகிற பெயர்கொண்ட காளானிலிருந்து லிக்னின் பெராக்ஸிடேஸ் என்கிற நொதியை அடையாளம் கண்டார்கள். அதே காலத்தில் இன்னொரு அமெரிக்கக் குழுவும் அதைத் தனியாகக் கண்டறிந்தது. பின்னாலேயே மாங்கனீஸ் பெராக்ஸிடேஸும் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தக் கூட்டத்தின் மூன்றாவது ஆளான லாக்கேஸ், இவர்களுக்கெல்லாம் மூத்தது. சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1883-ல், ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் யோஷிடா என்ற வேதியியலாளர் அதைக் கவனித்துவிட்டார்.

இவற்றின் வேலைமுறை ஒன்றுதான்: எதிரே உள்ள மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுவது. பொங்கல் சந்தையில் அடுக்கிவைத்த பானைகளில் அடியில் இருக்கும் ஒன்றை உருவினால் என்ன ஆகும்? மேலே இருப்பவை தாமாகவே சரியும். எலெக்ட்ரானை இழந்த லிக்னினும் அப்படித்தான். நிலைகுலைந்து, தன் பிணைப்புகளைத் தானே முறித்துக்கொள்கிறது.

இங்கே இன்னொரு சிக்கல். நொதிகள் பருமனானவை, இறுகிய மரத்துக்குள் நுழைய முடியாது. அதற்கும் காளான் வழி வைத்திருக்கிறது. எலெக்ட்ரானை இழந்த மாங்கனீஸ் போன்ற பொடியன்களை முன்னே அனுப்புகிறது. மரத்தின் நுண்ணிய துளைகளுக்குள் புகுந்து அவை அடியாள் வேலை பார்க்கும். இந்த வேலைக்குத் தேவைப்படும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் (அடிபட்ட புண்ணைக் கழுவும்போது நுரைக்குமே, அதே சரக்கு) காளானே தயாரித்துக்கொள்கிறது.

குறிபார்க்காமல் அடிக்கிற ஆயுதம் இது. அதுதான் அதன் சிறப்பு. எதிரே இருப்பது லிக்னினா, லிக்னினைப்போல வளையங்கள் கொண்ட வேறு நஞ்சா என்றெல்லாம் பார்க்காது.

அப்படியானால் டி.டி.டி-யையும் உடைக்குமா? 1985-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் பம்பஸ், ஸ்டீவன் ஆஸ்ட் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. டி.டி.டி, லிண்டேன், டையாக்ஸின், மின்மாற்றி எண்ணெயில் புழங்கிய பி.சி.பி., புகையிலும் கரியிலும் உள்ள பென்சோபைரீன் என ஆண்டுக்கணக்கில் மண்ணைவிட்டுப் போகாத நஞ்சுகளின் கார்பனுக்கு கதிரியக்க அடையாளம் போட்டு, காளானிடம் கொடுத்தார்கள். அந்த அடையாளத்தோடு கார்பன் டை ஆக்ஸைடு வாயு வெளியே வந்தது. நஞ்சின் ஒரு பகுதி முழுதாகவே எரிந்து காற்றாகியிருந்தது!

1993-ல் அதே காளானிடம் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்தபோது, 18 நாளில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் கார்பன் டை ஆக்ஸைடாக மாறியது. 1996-ல் எண்டோசல்ஃபானையும் அது சிதைப்பது தெரிந்தது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஒரு தலைமுறையின் உடலில் வடு பதித்ததாகப் பேசப்படும் மருந்து அது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடைவிதித்த மருந்து.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். காளானுக்கு இந்த நஞ்சுகள் சாப்பாடு அல்ல. அதன் சாப்பாடு மரத்தில் உள்ள சர்க்கரை. அதை எடுக்கக் கதவை உடைக்கும்போது, வழியில் நிற்கும் நஞ்சும் சேர்ந்து அடிவாங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே காளானை மட்டும் மண்ணில் தூவினால் வேலைக்காகாது. மரமோ வைக்கோலோ, தின்ன ஏதாவது தர வேண்டும்.

சொறி விழுந்த காய்க்கு விலை ஏது?

ஏலச்செடிக்கு இரண்டு பெரிய எதிரிகள்: இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும். தண்டுத்துளைப்பான் தண்டையும் காயையும் குடைந்துவிடும். இலைப்பேன் சுரண்டிய இளங்காயில் சொறி படியும். பச்சையாக, பளபளப்பாக இல்லாத காயை ஏலத்தில் யார் நல்ல விலைக்குக் கேட்பார்கள்? போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. நிறமும் அளவும்தான் அங்கே பேசும். அதனால் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பெயர்கள் தோட்டக்காரர்களுக்கு மனப்பாடம். ஆண்டுக்குப் பல சுற்று மருந்தடிப்பது அங்கே வழக்கம். அவர்களை மட்டும் குற்றம்சொல்வது நியாயமில்லை. சந்தை சொறிக்காயை ஒதுக்கும்வரை, மருந்துப் பம்பைக் கீழே வை என்று சொல்வது எளிது, கேட்பது கடினம்.

ஆனால் அதே சந்தை, மருந்து தங்கிய காயையும் ஒதுக்கத் தொடங்கிவிட்டது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவைத் தாண்டிப் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக ஆய்வறிக்கை வர, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் அதிகமான டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டாலும், ஏலக்காய் என்றால் மருந்து எச்சம் நினைவுக்கு வரும் நிலை வந்துவிட்டது.

காயில் தங்குவது ஒரு பங்கு என்றால், மண்ணில் விழுவது இன்னொரு பங்கு. மேற்குச் சரிவின் நீர் பன்னியாறு போன்ற ஆறுகள் வழியே பெரியாற்றுக்குப் போகிறது. கிழக்குச் சரிவின் நீர், குரங்கணி மலையிலிருந்து இறங்கும் கொட்டக்குடி ஆறாகப் போடியைத் தொட்டு வைகையில் சேர்கிறது. மேலே கழுவியது கீழே குடிநீர்.

தென்னை நார்க் கழிவில் தேர்வு எழுதிய காளான்

‘இதெல்லாம் ஆய்வகக் கண்ணாடிக் குடுவைக்குள் நடப்பது, நம் ஊரில் நடக்குமா?’ என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. அதைச் செய்துகாட்டியது, நாம் கடையில் பாக்கெட் போட்டு வாங்கிக் குழம்புவைக்கிற சிப்பிக் காளான்!

ஆம், சிப்பிக் காளானும் ஒரு வெண்ணழுகல் காளான்தான். வைக்கோலை நிரப்பிய பாலித்தீன் பையில் துளையிட்டு வளர்க்கிறார்களே, அந்தப் பைக்குள் அது வைக்கோலின் லிக்னினைத்தான் உடைத்துக்கொண்டிருக்கிறது.

தென்னை நார் உரிக்கும் ஆலைகளில் மலைபோலக் குவிகிற நார்க்கழிவு, லிக்னின் நிறைந்த பொருள். எளிதில் மக்காது. மழை பெய்தால் அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன்மேல் சிப்பிக் காளானை ஏவிப் பார்த்தார்கள். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா. கழிவை ஓர் அடுக்கு பரப்பிக் காளான் வித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு, அதில் யூரியா என்று மாற்றி மாற்றிக் குவித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் கறுத்த எரு தயார். 30 சதவிகிதம் இருந்த லிக்னின் 5 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியது. கார்பன், நைட்ரஜன் விகிதம் 112-க்கு 1 என்பதிலிருந்து 24-க்கு 1 ஆனது. கயிறு வாரியம் இதே காளானை ‘பித்பிளஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்தது. கிராமத்துத் தோப்பிலும் நார் ஆலை வாசலிலும் மண்வெட்டியோடு செய்யப்படும் வேலை இது. கண்ணாடிக் குடுவை எதுவும் தேவைப்படவில்லை.

சாயத்திலும் இந்தக் காளான்கள் கைவரிசை காட்டியிருக்கின்றன. திருப்பூரின் நொய்யலை நிறம்மாற்றிய சாயங்களைப் போன்ற அசோ வகைச் சாயங்களை, சிப்பிக் காளானிலிருந்து பிரித்த லாக்கேஸ் நொதி வெளுக்கச் செய்வதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தினர் பங்கேற்ற ஆய்வு 2006-ல் காட்டியது.

பம்பு கழுவும் இடத்தில் ஒரு குழி

சரி, பூச்சிமருந்துக்கு வருவோம். தோட்டம் முழுக்கப் பரவிய மருந்தைக் காளான் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஆனால், மருந்து ஒரே இடத்தில் செறிவாகச் சிந்தும் இடம் ஒன்று உண்டு. மருந்தைத் தண்ணீரில் கலக்கும் பீப்பாயடி. பம்பைக் கழுவும் ஓடைக்கரை. ஒரு கைப்பிடி சிந்தினாலும் அந்த இடத்து மண்ணுக்கு அது பெரும் சுமை. அதிலும் அந்த இடம் பெரும்பாலும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் இருக்கும், வசதி கருதி.

ஸ்வீடன் விவசாயிகளுக்கும் இதே பிரச்னை இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஓர் எளிய ஏற்பாடு பிறந்தது. அதை ‘உயிர்ப்படுக்கை’ என்று சொல்லலாம். ஏறக்குறைய 2 அடி ஆழக் குழி. அடியில் தண்ணீர் இறங்காமலிருக்கக் களிமண். அதன்மேல் பாதிப் பங்கு வைக்கோல், கால் பங்கு தோட்டத்து மண், கால் பங்கு பீட் எனப்படும் சதுப்பு நிலக் கரிமண் கலந்த கலவை. எல்லாவற்றுக்கும் மேலே புல். மருந்து கலப்பது, பம்பு கழுவுவது எல்லாம் இதன்மேல்தான். வைக்கோலில் லிக்னின் இருப்பதால் வெண்ணழுகல் காளான்கள் அதில் குடியேறுகின்றன, நொதியைக் கக்குகின்றன, சிந்திய மருந்து மண்ணுக்குள் இறங்குவதற்குள் பெருமளவு சிதைகிறது. வைக்கோல் மக்கி அமுங்கும்போது ஆண்டுதோறும் புதிய கலவை இட வேண்டும். இத்தாலியில் இதையே திராட்சைக் கொடி நறுக்கையும் எலுமிச்சை வகைத் தோலையும் வைத்துச் செய்துபார்த்தார்கள். எங்கே எது மலிவோ அது!

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வைக்கோல் உண்டு. தேனி மாவட்டத்தில் தென்னையும் நார்க் கழிவும் உண்டு. தோட்டத்தில் கவாத்து செய்த நிழல்மரக் கிளைகள் வீணாகத்தான் கிடக்கின்றன. மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆய்வு நிலையமும், மலைக்கு இந்தப் பக்கம் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. இந்த மழைக்கு, இந்த மருந்துகளுக்கு, எந்தக் கலவை பொருந்தும் என்று அளந்து சொல்ல இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஒன்று மட்டும் நிச்சயம்: ஸ்வீடனைவிட ஏலமலையில் மழை பலமடங்கு கொட்டும். கூரை போடாத குழி, இங்கே ஒரே பருவத்தில் நிரம்பி வழிந்துவிடும்.

காளானால் முடியாதவை

காயில் தங்கிவிட்ட மருந்தைக் காளான் எடுக்காது. அதற்கு அளவாக அடிப்பதும், அடித்த பிறகு உரிய நாள் கழித்துப் பறிப்பதும்தான் வழி.

உடைந்ததெல்லாம் காற்றாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். விஸ்கான்சினில், மரப் பதப்படுத்தும் நஞ்சான பென்டாகுளோரோஃபீனால் கலந்த மண்ணில் காளானை விட்டுப் பார்த்தபோது, ஆறரை வாரத்தில் 90 சதவிகிதத்தை ஒட்டி நஞ்சு குறைந்ததாக 1990-ல் பதிவானது. ஆனால், அதில் பெரும் பகுதி மண்ணோடு இறுகப் பிணைந்து முடங்கியிருந்தது, முழுதாக மறைந்துவிடவில்லை. தாமிரம், ஈயம் போன்ற உலோகங்களோ உடைகிற பொருளே அல்ல. காளான் அவற்றை உடலில் சேர்த்துவைத்துக்கொள்ளும். எனவே மருந்துக் குழியில் முளைத்த காளானை, அது சிப்பிக் காளானாகவே இருந்தாலும், வாணலிக்குக் கொண்டுவரக் கூடாது.

தாமிரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. லாக்கேஸ் நொதியின் இதயமே நான்கு தாமிர அணுக்கள்தான். ஆனால், ஏலத்தின் அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பதும் தாமிரம். துளியளவு என்றால் காளானுக்கு ஆயுதம்; தெளிப்பானில் அடித்தால் அதற்கே எமன். நோய்க்கிருமியைக் கொல்ல அடிப்பது, துப்புரவுக் காளானைப் பார்த்து விலகிப் போகாது. சருகும் கட்டையும் நனையும்படி அடிக்காமல் செடியில் மட்டும் அடிப்பது, மருந்துச் செலவுக்கும் நல்லது.

அதற்காக எல்லாக் கட்டையையும் அப்படியே விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைத் தென்னந்தோப்புகளில் தலைகாட்டிய ‘தஞ்சாவூர் வாடல் நோய்’க்குக் காரணமான கானோடெர்மாவும் ஒரு வெண்ணழுகல் காளான்தான். செத்த மரத்தை மக்கவைக்கும் அதே நொதியால், நிற்கிற தென்னையின் அடிமரத்தையும் அது தின்றுவிடும். மலைத் தேயிலைத் தோட்டங்களிலும், வெட்டிவிட்டுப் போன நிழல் மரத்தின் வேர்க்கட்டையில் குடியேறும் காளான் மண்ணுக்கடியில் தேயிலை வேருக்குத் தாவுவதுண்டு. அதனால்தான் அங்கே மரத்தை வெட்டுவதற்கு முன் பட்டையை வளையமாக உரித்துவிட்டு, வேரில் உள்ள மாவுச்சத்து தீரும்வரை காத்திருக்கும் பழக்கம் வந்தது. வேர்நோய் கண்ட மரத்தின் கட்டையைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். காற்றில் முறிந்து விழுந்த கிளையும், மேலே தண்டில் ஒடிந்த கட்டையும் சருகோடு கிடக்கட்டும்.